விண்கல்லும் ஊர்ப்பெயரும்

நிலவில்லாத இரவில் மெர்கோங் பக்கத்து வயல்வரப்பில் நின்று வானத்தைச் சற்று நேரம் நோக்குவோர், இரண்டொரு எரிமீன்களையேனும் காணாது திரும்பார். அதனை மலாய் மக்கள் 'தாஹி பிந்தாங்' என்பர். விண்மீனின் எச்சம் என்பது அதன் பொருள். நிலத்தைக் கிளறும்போது அகப்படும் பழைய கற்கோடரிகளையும் அவர்களின் முன்னோர் வானத்தோடு தொடர்புபடுத்தினர். இடி விழுந்த இடத்தில் கிடைப்பது என்று நம்பி, அவற்றைப் 'பத்து லிந்தார்' எனப் பெயரிட்டுப் பேணி வைத்தனர். கோடரி செய்தவன் மனிதன் என்பதைப் பிற்கால ஆய்வு தெளிவாக்கியது. எனினும் வானிலிருந்து கல் விழும் என்ற அடிப்படை நம்பிக்கை பொய்யன்று. படித்த உலகம் அதனை ஏற்கத்தான் நெடுங்காலம் தயங்கிற்று.

விண்கற்களையும், அவை மோதியதால் உருகியும் நொறுங்கியும் உருமாறிய பாறைகளையும் தேடித் தொகுப்பதும், அறுத்து மெருகிடுவதும், விலைக்கு விற்று வாங்குவதும் இன்று பல நாடுகளில் வேரூன்றிவிட்ட பொழுதுபோக்கு. அஞ்சல்தலை சேர்ப்பதைப் போன்றதே இதுவும் என்று எண்ணத் தோன்றும். ஆனால், ஒரு வேறுபாடு உண்டு. அஞ்சல்தலை தான் பிறந்த நாட்டின் பெயரைத் தன் முகத்திலேயே தாங்கி வருகிறது. விண்கல்லோ பேசாது. எந்த ஊரில், எந்த நாளில், எந்த நிலையில் அகப்பட்டது என்ற குறிப்பை மனிதன்தான் அதனுடன் சேர்த்துவைக்க வேண்டும். அக்குறிப்பு பிரிந்துபோன கல் பாதி மதிப்பை இழந்துவிடுகிறது. அதன் ஊரும் தன் வரலாற்றில் ஓர் ஏட்டை இழக்கிறது.

குறிப்பு எழுதுவது எப்படி என்பதைத் தமிழாசிரியர்களுக்கு வெளியார் கற்பிக்க வேண்டுவதில்லை. புறநானூற்றின் 229ஆம் பாட்டை அவர்கள் நன்கறிவர். சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை துஞ்சியபோது கூடலூர் கிழார் பாடியது அது. பங்குனித் திங்களின் முற்பாதியில், நள்ளிரவில், ஒரு மீன் எரிந்து விழக் கண்டார் புலவர். மன்னனுக்கு யாதாகுமோ என்று கலங்கினார். ஏழாம் நாள் அவன் இறந்தான். நிமித்தத்தை நம்பிய உள்ளத்தின் அச்சம் அப்பாட்டில் இருக்கிறது. அதைக் காட்டிலும் வியப்பானது, அதனைப் பதிவு செய்த முறை. உத்தரம் உச்சியினின்று சாய்ந்தது, மூலம் எழுந்தது, மிருகசீரிடம் தாழ்ந்தது என்று வானத்தின் நிலையையே கடிகாரமாக்கிக் காலத்தைக் குறித்தார். மீன் கிழக்கேயும் போகவில்லை, வடக்கேயும் போகவில்லை என்று திசையையும் விடாது சொன்னார். இன்று ஓர் எரிகோளத்தைக் கண்டவரிடம் வானியலார் முதலில் கேட்கும் வினாக்களும் இவையே: எப்போது, எந்த விண்மீன்களின் அருகே, எத்திசை நோக்கி? கூடலூர் கிழார் கண்ட மீன் கல்லாக நிலத்தை அடைந்ததா என்பது வேறு செய்தி. சாட்சி சொல்லும் ஒழுங்கு தமிழுக்குப் புதிதன்று என்பதே ஈண்டு நாம் கருதத்தக்கது.

ஐரோப்பாவில் அறிஞர்கள் நிலை வேறாக இருந்தது. வானிலிருந்து கல் விழுந்ததாகக் குடியானவர் சொன்னால், அது பாமரர் கட்டுக்கதை என்று ஒதுக்கப்பட்டது. செர்மானிய அறிஞர் சிலாட்னி 1794இல் வெளியிட்ட சிறு நூலில், இக்கற்கள் விண்வெளியிலிருந்தே வருகின்றன என்று வாதிட்டார், பலர் நகைத்தனர். நகைப்பை அடக்கியதில் இந்திய நாட்டுக்கும் பங்கு உண்டு. 1798 டிசம்பரில் காசி நகருக்கு அருகே மாலை நேரத்தில் பேரொளியும் பேரொலியும் தோன்றிக் கற்கள் வீழ்ந்தன. அவற்றுட் சில இங்கிலாந்துக்குச் சென்றன. அங்கே எட்வர்டு ஹோவர்டு என்பவர் பல நாடுகளில் விழுந்த கற்களோடு அவற்றையும் சேர்த்து வேதியியல் முறையில் பகுத்து, எல்லாவற்றிலும் இரும்போடு நிக்கல் கலந்திருப்பதை 1802இல் நிறுவினார். மறு ஆண்டு பிரான்சில் லேகிள் என்ற ஊரில் ஆயிரக்கணக்கான கற்கள் பொழிந்தன. பியோ என்ற இளம் அறிவியலார் அங்குச் சென்று ஊராரை வினவி எழுதிய அறிக்கைக்குப் பின் ஐயம் நீங்கியது. குடியானவர் சொல்லை நம்பாதவர்களுக்கு உண்மையை உணர்த்தியது, முடிவில் குடியானவர் சாட்சியமே.

ஐயம் நீங்கியதும் போட்டி தொடங்கிற்று. வியன்னா, லண்டன், பாரிசு அருங்காட்சியகங்கள் கற்களைத் திரட்ட முந்தின. இந்தியாவில் விழுந்தவை கல்கத்தாவில் குவிந்தன; இந்திய நிலவியல் ஆய்வுத்துறையே இன்றளவும் அந்நாட்டில் விழும் விண்கற்களின் காப்பாளராக இருக்கிறது. இத்துறையில் ஒரு நல்ல மரபு உருவாயிற்று. விண்கல்லுக்கு, கண்டெடுத்தவர் பெயரையோ வாங்கியவர் பெயரையோ இடுவதில்லை. விழுந்த ஊரின் பெயரையே இடுவர். 1865 ஆகத்து 25இல் பீகார் மாநிலத்து ஷெர்காட்டியில் ஒரு கல் விழுந்தது. அது செவ்வாய்க் கோளிலிருந்து பெயர்ந்து வந்த கல் என்பது நூறாண்டுக்குப் பின்னரே தெளிவாயிற்று. இன்று அவ்வினத்துக் கற்கள் உலகில் எங்கு அகப்பட்டாலும், அவை அச்சிற்றூரின் பெயராலேயே ஷெர்காட்டைட்டு என வழங்கப்படுகின்றன.

தமிழ் ஊர்களின் பெயர் தாங்கிய கற்களும் உள்ளன. 1795இல் ஈழத்து முல்லைத்தீவில் ஒன்று விழுந்தது. தென் ஆர்க்காட்டில் நம்மியந்தல் என்ற ஊரில் 1886இல் ஒன்று விழுந்தது. கொடைக்கானலில் 1898இல் கண்டெடுக்கப்பட்ட இரும்புக்கல் ஏறத்தாழ 16 கிலோ எடையுள்ளது. அதன் இரும்பின் நடுவே கண்ணாடித் துணுக்குகளும் சிலிக்கேட்டுக் கனிமங்களும் பதிந்துள்ளன. சூரியக் குடும்பம் தோன்றி ஏறக்குறைய 456 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அத்துணுக்குகளின் அகவையோ 370 கோடி ஆண்டளவே. தாய்க்கோளம் பிற்காலத்தில் ஒரு பெருமோதலுக்கு ஆளாகி மீண்டும் உருகியது என்பதற்கு அது சான்று. ஆய்வாளர் கொடைக்கானலை மறவாமைக்கு ஏரியும் குளிரும் மட்டுமே காரணம் அல்ல.

இவற்றுள் பெரியதும் புகழ்மிக்கதும் 1857 பிப்பிரவரி 28ஆம் நாள் நண்பகலில் மதுரைக்குத் தெற்கே விழுந்தது. வெடியோசையைத் தொடர்ந்து இரு கற்கள், ஒன்றுக்கொன்று சில மைல் இடைவெளியில் நிலத்தில் புதைந்தன. ஒன்று ஏறத்தாழ 61 கிலோ. மற்றது 17 கிலோ. மண்டபசாலையில் பணிபுரிந்த அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த போதகர் டெய்லர், இச்செய்தியைத் திரட்டி வெளியிட்டார். பெரிய கல் லண்டன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. சிறியது அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து வெஸ்டர்ன் ரிசர்வ் கல்லூரிக்குப் போயிற்று. வியன்னாவில் ஐடிங்கர் அதனைப் பற்றி எழுதினார். உருகிய துளிகளாய் உறைந்த சிறு கோளங்கள் பெரிதும் உருமாறாமல் அதனுள் இருப்பதால், கோள்கள் உருவான காலத்தை அறிய இன்றும் அதனைப் பகுத்தாய்கின்றனர்.

அக்கல்லின் உலகப் பெயர் பார்னல்லி. சில ஏடுகளில் பெர்னல்லி என்றும் உண்டு. தமிழ்நாட்டு வரைபடத்தில் பார்னல்லி என்றோர் ஊரைத் தேடுவோர் ஏமாறுவர். பட்டியல்களில் தரப்பட்டுள்ள அகலக்கோடும் நெடுங்கோடும் கமுதிக்குத் தெற்கே, பெருநாழியை ஒட்டிய நிலப்பகுதியைச் சுட்டுகின்றன. மண்டபசாலையும் அங்கிருந்து தொலைவில் இல்லை. பெருநாழி என்பதே வெள்ளையர் நாவில் பெர்னல்லியாகிப் பின் பார்னல்லியாயிற்று என்று கொள்வதே பொருத்தமானது. போதகர் மட்டும் குறிப்பு எழுதாதிருந்தால் இத்துணைகூட எஞ்சியிராது. அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால், ஒரு தமிழ் எழுத்தறிந்தவர் அன்று ஓலையிலோ தாளிலோ ஊர்ப்பெயரைத் தமிழில் எழுதிக் கல்லோடு அனுப்பியிருந்தால், பெருநாழி மக்கள் தம் ஊர்க்கல் லண்டனில் இருப்பதை அறிந்திருப்பர். கல் போனது இழப்பு. பெயர் சிதைந்தது அதனினும் பெரிய இழப்பு.

அருங்காட்சியகங்கள் தம்மிடம் இருந்த கற்களை முழுதாக வைத்திருக்கவில்லை. ஒன்றை அறுத்து ஒரு துண்டைக் கொடுத்து வேறொரு கல்லின் துண்டைப் பெற்றன. பண்டமாற்றாகத் தொடங்கிய இம்முறையிலிருந்தே தனியார் வணிகம் கிளைத்தது. அதனை வளர்த்தவர்களுள் ஓர் ஆசிரியரைக் குறிப்பிடாமல் இருத்தல் தகாது. அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்து மெக்பர்சன் கல்லூரியில் உயிரியல் கற்பித்த ஆர்வி நினிங்கர், 1923இல் ஓர் எரிகோளத்தைத் தெருவில் நின்று கண்டார். அன்று முதல் அவர் மனம் வேறொன்றில் செல்லவில்லை. ஊர் ஊராகச் சென்று பள்ளிகளில் பேசினார். கனமான, அயலான கல் எதுவும் வயலில் கிடந்தால் காட்டுமாறு உழவர்களை வேண்டினார்; விண்கல்லாயின் விலை கொடுத்தார். 1930இல் நிலையான ஊதியத்தையே துறந்தார். கதவு திறந்திருக்கத் தாங்கலாகவும், வேலி நிறுத்தப் பாரமாகவும் பயன்பட்ட கற்களுள் பல அவர் கைபட்டு விண்கல் ஆயின. செலவுக்கு வழியின்றித் துண்டுகளை விற்றார். இறுதியில் தம் தொகுப்பின் பெரும்பகுதியை 1958இல் பிரித்தானிய அருங்காட்சியகத்திற்கும் 1960இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்திற்கும் கொடுத்தார். அவர் ஒவ்வொரு கல்லிலும் எண் எழுதிவைத்தார். இன்றும் நினிங்கர் எண் உள்ள துண்டுக்குத் தொகுப்பாளர் கூடுதல் விலை கொடுக்கின்றனர். கல் அதே கல்தான், விலை எழுத்துக்கு.

கல்லைச் செப்பம் செய்வது தனிக்கலை. பாறைக்கல்லாயின் வைரத்தூள் பதித்த வாளால் மெல்ல அறுத்து மெருகிடுவர். நுண்ணோக்கியில் காண, ஒளி ஊடுருவும்படி ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் மூன்று பங்கு தடிப்புக்குத் தேய்ப்பர். இரும்புக்கல்லின் அழகோ அமிலத்தில் வெளிப்படுகிறது. கண்ணாடிபோல் மெருகிட்ட முகத்தில், சாராயத்தில் கலந்த மென்மையான நைட்ரிக் அமிலத்தைத் தடவுவர். நிக்கல் குறைந்த உலோகம் விரைந்து அரிக்கப்படும். நிக்கல் மிகுந்தது நிலைத்து நிற்கும். ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் பட்டைகள், பாய்முடைந்தாற்போல் எழுந்து வரும். வியன்னாவில் விட்மன்ஸ்டேட்டன் 1808இல் ஒரு வில்லையைச் சூடேற்றியபோது இக்கோலம் தோன்றியது. அவர் பெயரே அதற்கு நிலைத்தது. நேப்பிள்சில் இருந்த தாம்சன் 1804லேயே அமிலத்தால் அதனைக் கண்டுவிட்டார் என்பது பலர் அறியாத செய்தி. ஒரு கோளத்தின் உட்கருவில், பத்து இலட்சம் ஆண்டுகளுக்குச் சில பாகை என்ற அளவில் உலோகம் குளிர்ந்தாலன்றி இப்பட்டைகள் இவ்வளவு பெரிதாக வளரா. எந்த உலைக்களத்தாலும் அதனைப் போலி செய்ய இயலாது.

கெடாவைப் போன்ற ஈரக்காற்று நாட்டில் இவற்றைக் காப்பது கடினம். கல்லில் புகுந்த குளோரின் உப்பு, ஈரத்தோடு கூடி உள்ளிருந்தே துருவை வளர்க்கும். மழைக்காலம் ஒன்று கடப்பதற்குள் மெருகிட்ட வில்லை வெடிப்பதும் உண்டு. அமிலத்தை நன்கு கழுவி, வெப்பத்தில் உலர்த்தி, எண்ணெய் பூசி, ஈரம் உறிஞ்சும் பொருளோடு மூடிய பெட்டியில் வைப்பர்.

வாணிகத்தின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அண்மைப் பத்தாண்டுகளில் சகாராப் பாலைநிலத்திலிருந்து ஆயிரக்கணக்கான கற்கள் சந்தைக்கு வந்தன. நாடோடி மக்கள் பொறுக்கி வந்தவை பல. எங்கே கிடைத்தது என்று சொன்னால் மற்றவர் அங்கே போய்விடுவர் என்பதால் இடம் மறைக்கப்பட்டது. அவை ஊர்ப்பெயர் இன்றி 'வடமேற்கு ஆப்பிரிக்கா' என்ற பொதுப்பெயரும் எண்ணும் பெற்றன. 7034 என்ற எண்ணுக்குரிய கல், செவ்வாயின் மிகப் பழைய மேலோட்டைச் சேர்ந்தது. செவ்வாய்க்கு ஒருகாலத்தில் காந்தப்புலம் இருந்ததன் சுவட்டை அதில் தேடிய ஆய்வாளர்கள், அதன் உடன்பிறந்த துண்டுகளைச் சோதித்தபோது சுவடு அழிந்திருக்கக் கண்டனர். கல்லைத் தேடியவர்கள் வலிய காந்தத்தை ஒட்டிப் பார்த்ததே காரணம். நானூறு கோடி ஆண்டுக்கு மேல் காத்திருந்த நினைவு, ஒரு நொடியில் துடைக்கப்பட்டது. புதிய விண்கல்லுக்குப் பெயர் வழங்கும் பன்னாட்டுக் குழு, 20 கிராமையோ மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்கையோ, எது குறைவோ அதனை, ஆய்வு நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று விதித்துள்ளது. வணிகத்தை ஒரேயடியாகத் தடுப்பதைவிட இது நல்ல ஏற்பாடே.

விண்ணின் இரும்பைக் கொல்லர்களும் விடவில்லை. 1621இல் சலந்தர் அருகே விழுந்த இரும்பை முகலாய மன்னர் சகாங்கீர், உசுதாது தாவூது என்ற கொல்லரிடம் கொடுத்தார். மூன்று பங்கு விண்ணிரும்போடு ஒரு பங்கு மண்ணிரும்பைக் கலந்து அவர் வாள்களும் கத்தியும் அடித்தார். அவற்றுள் ஒரு கத்தி இன்று வாசிங்டனில் உள்ளது. சாவகத்தில் பிரம்பானன் அருகே கிடந்த விண்ணிரும்பு, 1797இல் சுரகார்த்தா அரண்மனைக்குக் கொணரப்பட்டது. அதன் நிக்கல், கிரிசு என்னும் குத்துவாளின் அலகில் வெண்மையான 'பாமோர்' கோலத்தைத் தந்தது. வாளாக மாறினும் இவ்விரண்டின் பிறப்பிடமும் எழுத்தில் நின்றமையாலேயே நாம் அறிகிறோம்.

இனி நம் அண்டைக்கு வருவோம். மலாய்த் தீபகற்பத்தின் ஈயச் சுரங்க மண்ணில், கருங்கண்ணாடி போன்ற சிறு உருண்டைகள் அகப்பட்டன. கூட்டு மலாய் மாநிலங்களின் நிலவியலாளர் சிகிரிவனர் 1909இல் அவற்றைப் பற்றி எழுதினார். எரிமலைக் கண்ணாடி என்றும் அன்று கருதப்பட்டன. உண்மையில் அவை ஏறத்தாழ 7,90,000 ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் நிகழ்ந்த பெருமோதலில் உருகித் தெறித்த மண். தெற்குச் சீனம் முதல் ஆசுத்திரேலியா வரை அவை சிதறிக் கிடக்கின்றன. சீனர் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே அவற்றை 'இடிக்கடவுளின் மை' என்றனர். தாய்லாந்திலும் வியட்நாமிலும் திரட்டப்படும் இவை மலிவாகவே விற்கப்படுகின்றன. செக்கு நாட்டுப் பச்சை நிற மோல்டாவைட்டுக்கு விலை மிகுதி. ஆகவே புட்டிக் கண்ணாடியை உருக்கிப் போலி செய்வோரும் மிகுதி.

லங்காவித் தீவில் மஹ்சூரி வளையங்கள் எனப்படும் வட்ட நிலவடிவங்களை விண்கல் மோதிய தடமாகக் கருதலாம் என்று நிலவியலறிஞர் சியா முன்மொழிந்தார். பாலிங்கிலிருந்து கிரிக் வழியாகத் தெற்கே சென்றால், பேராவின் லெங்கோங் பள்ளத்தாக்கு. அங்கே தோட்டப் பயிருக்கிடையே உள்ள புக்கிட் புனோவில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தினர் மோதலில் உருகிய சுவைட்டுப் பாறையைக் கண்டனர். அப்பாறைக்குள் கற்கோடரி பதிந்திருப்பதாகவும், பாறையின் அகவை 18 இலட்சம் ஆண்டுக்கு மேற்பட்டது என்றும் 2009இல் அறிவித்தனர். அக்கணிப்பை எல்லா அறிஞரும் ஏற்கவில்லை, விவாதம் தொடர்கிறது. கல் பெயர்க்கப்படாமல் தன் இடத்திலேயே இருப்பதால்தான் விவாதிக்கவேனும் முடிகிறது. 2012இல் அப்பள்ளத்தாக்கு உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தது. அங்கிருந்து ஒரு துண்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வருபவரைத் தொகுப்பாளர் என்று சொல்லக் கூடாது.

விண்கல் என்று கொண்டுவரப்படுவனவற்றுள் மிகப் பெரும்பாலானவை விண்கற்கள் அல்ல. 2016 பிப்பிரவரியில், அந்நாளில் வேலூர் மாவட்டத்திலிருந்த நாட்றம்பள்ளி அருகே வெடிப்பொன்றில் ஓட்டுநர் ஒருவர் உயிரிழந்தார். விண்கல் விழுந்ததென அறிவிக்கப்பட்டது. படங்களைக் கண்ட நாசா அறிவியலாரோ, தரையில் நிகழ்ந்த வெடிப்பாகவே தோன்றுகிறது என்றனர். உண்மையான விண்கல்லில் மெல்லிய கருந்தோல் படர்ந்திருக்கும், பெருவிரலால் அழுத்தினாற்போன்ற பள்ளங்கள் இருக்கலாம், கைக்குக் கனக்கும். நுரைத்த துளைகள் பெரும்பாலும் இரா.

கெடாவில் தேடுவோரைப் பெரிதும் ஏமாற்றக்கூடியது இரும்புக்கிட்டம். கருமையும் கனமும் அதற்கு உண்டு. காந்தத்திலும் ஓரளவு ஒட்டும். துளைகள் மட்டுமே காட்டிக்கொடுக்கும். மெர்போக்கை அடுத்த சுங்கை பத்துவில், செம்பனைத் தோட்டத்துக்குள், பழங்கால இரும்பு உலைகளும் துருத்திகளின் சுடுமண் குழல்களும் 2009 முதல் அகழ்ந்தெடுக்கப்பட்டன. கடாரம் என்று தமிழர் அறிந்த நிலத்தில் இரும்பு உருக்கிய மக்கள் விட்டுச்சென்ற கழிவே அக்கிட்டம். அது எந்த மேட்டில், எந்தக் குழலுக்கு அருகே கிடந்தது என்பதைக் கொண்டுதான் உலையின் இருப்பிடத்தை அகழ்வாளர் அறிகின்றனர். விண்கல் அன்று என்று தெரிந்தபின் தொகுப்பாளர் அதனை வீட்டு முற்றத்தில் எறிந்துவிடுகிறார். கிடந்த மேட்டுக்கு அதனை எவரும் திருப்பிக் கொண்டுபோய் வைப்பதில்லை.